முழுக் கட்டை

பல மாதம் மாரடித்து, டிராக்டரில் இணைத்து ஓட்டுகிற விறகு பிளக்கும் மெஷின் ஒன்றைச் சொந்தமாகச் செய்து முடித்தார் வெல்டர். டிராக்டர் மைத்துனனுடையது. ஹைட்ராலிக் குழாயில் எண்ணெய் சொட்டியது. கைக்கு அகப்பட்ட பாத்திரத்தை அடியில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

சாயங்காலத்துக்குள் கொட்டகையில் ஒரு முழுக் கட்டைகூட மிச்சமில்லை.

"கோடாலி பிடிச்சுப் பிடிச்சு அக்கா கையெல்லாம் காய்ப்புக் காய்ச்சுப்போச்சு. அவளுக்காக இவ்வளவு செஞ்சிருக்கீங்களே மாமா" என்று மைத்துனன் உருகினான்.

வெல்டர் அடக்கமாகத் தலையாட்டினார்.

"ஆனா ஒண்ணு. வீட்டுல கேஸ் அடுப்பு. வெந்நீருக்கு ஹீட்டர். அக்கா எதுக்கு விறகு பிளக்குறா?"

"எங்களுக்குள்ள சண்டை வந்தா இங்க வந்துடுவா. நாலு கட்டையைப் பிளந்தாத்தான் அவளுக்குக் கோபம் ஆறும். அதுக்காகத்தான் கட்டையே வாங்கிப் போடுறேன்."

மைத்துனன் பிளந்து அடுக்கிய விறகைப் பார்த்தான். காலியாகக் கிடந்த மூலையைப் பார்த்தான்.

"இனிமே சண்டை வந்தா?"

வெல்டர் அதை யோசித்திருக்கவில்லை.

"என் புதுக் குக்கரைப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் மனைவி.

இருவரும் மெஷினுக்கு அடியில் பார்த்தார்கள். குக்கரில் பாதிக்கு மேல் எண்ணெய்.

அவளும் பார்த்தாள். சுவரில் சாய்த்திருந்த கோடாலியை எடுத்துக்கொண்டு கட்டை தேடினாள்.

மைத்துனன் அவசர வேலை என்று கிளம்பிவிட்டான். கொட்டகையில் முழுசாக மிச்சமிருந்தது மெஷினும் வெல்டரும்தான்.