கம்பத்து மேலே இருந்தவர்

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முந்திய வாரம், பண்டார் ஹிலிர் மிட்டாய்க் கடைக்குப் போகவேண்டிய அழைப்பெல்லாம் கஜா பெராங்கில் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் மணியடித்தன. லைன் போடும் வேலையிலிருந்த என் கணவர் ஜெயபாலன் பொங்கல் கழிந்துதான் இறந்திருந்தார். அவர் கடைசியாக இழுத்த லைனில்தான் கோளாறு என்று தொலைபேசி நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். செத்தவர் மேல் அந்தப் பழி நிற்கக்கூடாது என்று தவித்தேன்.

அவருடைய கூட்டாளி இப்ராஹீம், கடையிலிருந்து ஒவ்வொரு கம்பமாக ஏறிப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கடை லைன் கடைக்குத்தான் போகுது, தங்கச்சி. அவன் வேலை சுத்தம்லா. உங்க வீட்டுக் கம்பியத்தான் அவன் போனதுமே கழட்டியாச்சே!"

"அப்ப இது எப்படி அடிக்குது, பாய்?"

அவர் தொலைபேசியைத் தூக்கினார். வயரின் நுனி எதிலும் சேராமல் தொங்கியது. அப்போதே மணியடித்தது.

"அலாமாக்! நீயே எடும்மா."

குருபோங் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் வீட்டம்மா பேசினாள்.

"லட்டு வேணும்க்கா. கடையவிட உங்க கைப்பக்குவம்தான் நல்லாருக்கும்னு லைன் பார்க்க வந்த உங்க வீட்டுக்காரரு சொன்னாரு. இன்னும் எங்க வாசக் கம்பத்து மேலதான் இருக்காரு. கூப்பிடவா?"

எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

"வேலைய முடிச்சிட்டுச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்றேன்.