கோபுரத்தில் தூங்கியவன்

“இவன் டியூட்டியில தூங்கிட்டிருந்தான் சார்!”

விசாரணைக்கு வந்த ரெண்டு அதிகாரிகளிடமும் சார்ஜென்ட் கூசாமல் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நானா தூங்கினேன்? பட்டப்பகல் மூணு மணிக்கு?

போர் முடிந்த மறு வருஷம் அது. விமானத்தளத்தின் காவல் கோபுரத்தில் நானும் சார்ஜென்ட்டும் மட்டும்தான். திடீரென்று ஓடுபாதைக்கு மேலே அந்தரத்தில் ஏதோ ஒன்று வந்து நின்றது. வீடு அளவுக்குப் பெரிசு. இறக்கை இல்லை, சத்தமும் இல்லை. வயர்லெஸ் செத்துப்போச்சு.

“அண்ணே, என்னண்ணே அது?”

“அசையாதடா!” அவருக்கே பல் தந்தியடித்தது. நான் அவர் சட்டையை விடவே இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் அது மேலே போய் மறைந்துவிட்டது.

அவர்தான் தலைமையகத்துக்குப் போன் போட்டார். ரிசீவரை வைத்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

“என்னண்ணே சொன்னாங்க?”

“வாயை மூடுடா” என்றார். அவ்வளவுதான்.

இப்போது இப்படி ஒரு பழி!

“பொய் சார்! நானும்தான்...”

பளார்! சார்ஜென்ட்டின் அறை என் கன்னத்தில் விழுந்தது.

“கனவு ஏதாவது கண்டிருப்பான் சார். நான் உதைச்சு எழுப்பினப்ப அது போயே போச்சு.”

அடப்பாவி மனுஷா! பேரும் மெடலும் தனக்கே வேணும்னு இப்படியா ஒருத்தன் வயிற்றில் அடிப்பது?

“அண்ணே, என் பொண்டாட்டிக்கு இது ஒன்பதாம் மாசம்னு உங்களுக்குத் தெரியும்ல? அடுத்த வாரம் லீவுல போகணும்ணே. ஏண்ணே இப்படிப் பண்றீங்க?”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மூத்த அதிகாரி என் முகத்துக்கு நேரே குனிந்தார். அந்தப் பார்வையில் ஈவு இரக்கமே இல்லை.

“நிஜமா தூங்கினியா?”

பயத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

“தூங்குமூஞ்சி! மூணு நாள் உள்ள தள்ளுங்க. அப்புறம் எங்க வேணா போய்த் தொலையட்டும்.” சார்ஜென்ட் பக்கம் திரும்பினார். “அப்போ பார்த்தது நீ ஒருத்தன்தான்?”

“ஆமா சார். நான் மட்டும்தான்.”

“ஏறு வண்டியில.”

ஜன்னல் இல்லாத வண்டி. ஏறும்முன் சார்ஜென்ட் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார், இன்னொரு அறை விடப்போகிறவர் மாதிரி.

“பார்த்தவன் எவனும் இனி வீட்டுக்குப் போகக் கூடாதாம், போன்லயே சொல்லிட்டாங்கடா” என்றார் காதோரமாக. “நீ போய்ப் புள்ளையைப் பாரு.”