மானேஜர் கைகுலுக்கிய நாள்

டேட்டாபேஸ் டேபிளின் பெயரைத் தட்டினால் போதும், அதற்கு வேண்டிய முழு புரோகிராமையும் கம்ப்யூட்டரே எழுதிவிடும். நூர்ஜஹான் அப்படி ஒரு டெம்ப்ளேட்டைச் செய்துவிட்டாள். மத்தியானம் மானேஜர் அவள் கையைக் குலுக்கியதை எல்லாரும் பார்த்தார்கள்.

செம்பூர் ஆபீஸ் வாசல் டீக்கடையில், கூடவே புரோகிராம் எழுதும் விசாலம் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை அழிச்சுடுடி. எங்க அஞ்சு பேர் வேலையும் போயிடும்."

"முடியாது."

"தாராவியிலேர்ந்து படிச்சு வந்தவ. எங்க வயித்துல அடிச்சுத்தான் பிரமோஷன் வாங்கணுமா?"

நூர்ஜஹான் டீயைக் குடிக்கவேயில்லை. "டைப்பிஸ்ட்கூட ஓட்டுற மாதிரி செய்யின்னாரு மானேஜர். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டணும்லா, அப்படியே செஞ்சேன்."

"இப்பவே உள்ள போய் அழி. யாருக்குத் தெரியப் போறது?"

"என்னை உள்ள விட மாட்டாங்க, விசாலம். காலையில டைப்பிஸ்ட் ஓட்டிப் பாத்தா. ஒரு தப்பும் வரல. இனி எழுத ஒண்ணுமில்ல, நீ போகலாம்னு சொல்லித்தான் கை குலுக்குனாரு. உங்களுக்காவது மாசக் கடைசி வரைக்கும் வேலை இருக்கு. வாப்பாகிட்ட என்ன சொல்லன்னு தெரியாம நான் இங்க உக்காந்திருக்கேன்."