சூறாவளியின் கிராபிக்ஸ் கார்டு

“கொஞ்சூண்டு ஏமாத்தினா என்ன ஆயிடும்?” என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

கேட்டது தன் மனைவியிடம். அவள் லேப்டாப் சர்வீஸ் கடை நடத்துகிறாள். அப்போது யாருடைய கீபோர்டையோ கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

“யாரை ஏமாத்தணும்?”

“யாரையும் இல்லம்மா. என் கேமிங் லேப்டாப் இருக்குல்ல, அதோட கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் பண்ணணும், அதாவது அதோட வேகத்தை ஏத்தணும். கார்டுக்குள்ள கம்பெனிக்காரன் எழுதி வெச்ச ஃபர்ம்வேரை அழிச்சிட்டு வேற ஏத்தினா, தறிகெட்டு ஓடுமாம். ஃபைல்கூட நெட்ல கிடைக்குது. உனக்கெல்லாம் இது ஒரு வேலையா?”

“அளவுக்கு மேல ஓட்டினா சூட்டுலயே கார்டு போயிடும். அது கிடக்கட்டும், உங்க போட்டியில என்ன விதி?”

“கம்பெனியிலேர்ந்து வந்தபடியே இருக்கணுமாம்” என்றார் சுரத்தில்லாமல்.

விஷயம் இதுதான். அவர்கள் குடியிருப்பில் வருடாவருடம் கார் ரேஸ் கேம் போட்டி நடக்கும். அவரவர் லேப்டாப்பை அவரவர் தூக்கிக்கொண்டு வரவேண்டும். நம்மவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘சூறாவளி’. ஒவ்வொரு முறையும் ஃபைனல் வரை வருவார், கீழ் வீட்டுப் பல் டாக்டரிடம் தோற்பார். அதற்குப் பிறகு லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் டாக்டர், “என்ன சூறாவளி, எப்படி இருக்கீங்க?” என்பார். அன்பாகத்தான் கேட்பார். அதுதான் இவரால் தாங்க முடியவில்லை. இந்த வருடமும் தோற்றால் இனிமேல் படிக்கட்டுதான் என்று முடிவே செய்திருந்தார்.

“ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டுப் போறேனே” என்றார். குரல் இறங்கிவிட்டது.

மனைவி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். 

“குடுங்க.”

லேப்டாப்பைத் திறந்து தூசியை ஊதினாள். சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை காய்ந்துபோயிருந்தது; அதை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவினாள். மூடியபின், கறுப்புத் திரையில் என்னவோ தட்டினாள். ஒரு வெள்ளைக் கோடு மெதுவாக நகர்ந்தது.

“நடுவுல நின்னா கார்டு காலி. கையை எடுங்க.”

சூறாவளி கையை எடுத்ததோடு மூச்சையும் நிறுத்திக்கொண்டார்.

“முடிஞ்சிடுச்சு. இனிமே ஃபேன் முழு வேகத்துல சுத்தும். சத்தம் போடும், பயப்படாதீங்க.”

மிக்ஸி மாதிரி சத்தம் போட்டது. அவருக்கு அந்தச் சத்தத்திலேயே பாதிப் போட்டியை ஜெயித்த மாதிரி இருந்தது. கடைக்குச் சார்ஜர் வாங்க வந்தவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து ஒரு ரேஸ் முழுக்க ஓட்டிக் காட்டினார். “பறக்குது பாருங்க, பறக்குது பாருங்க” என்றார். அந்த மனிதர் சார்ஜர் வாங்க மறந்துவிட்டுப் போய்விட்டார்.

ஃபைனல் அன்று ஹால் நிரம்பிவிட்டது. டாக்டர் எட்டிப் பார்த்து, “இது லேப்டாப்பா, வாக்குவம் கிளீனரா?” என்றார். சூறாவளி காதில் வாங்கவேயில்லை. இத்தனை வருடமாக வளைவைக் கண்டாலே பிரேக்கைத் தேடும் மனிதர், அன்று தோல்வி என்று ஒன்று இருப்பதையே மறந்து ஓட்டினார். கடைசி வளைவில் இரண்டு காரும் ஒன்றாக வந்தன. டாக்டர் பிரேக் போட்டார். இவர் போடவில்லை.

ஜெயித்தேவிட்டார்.

குதித்த குதியில் நாற்காலி பின்னால் விழுந்தது. மனைவியைக் கட்டிக்கொண்டார். வாட்ச்மேனைக் கட்டிக்கொண்டார். குடியிருப்புச் சங்கச் செயலாளரின் மாமியாரையும் கட்டிக்கொள்ளப் போய், கடைசி நொடியில் சுதாரித்துக் கும்பிடு போட்டார்.

அப்போதுதான் டாக்டர் வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“கடைசி வளைவுல பிரேக்கே போடலையே நீங்க. எனக்கு அந்தத் தைரியம் ஒருநாளும் வந்ததில்ல. சொல்லிக்குடுங்க சூறாவளி.”

சூறாவளியின் முகம் சுருங்கிவிட்டது.  செயலாளர் கோப்பையை நீட்டினார். இவர் கோப்பையை விட்டுவிட்டு மைக்கை வாங்கினார்.

“இது எனக்கு வேண்டாங்க. டாக்டருக்குக் குடுத்துடுங்க. என் கார்டோட ஃபர்ம்வேரை மாத்தியிருக்கு. நான்தான் மாத்தச் சொன்னேன். என் மனைவி வேண்டாம்னுதான் சொன்னா.”

லேப்டாப்பின் ஃபேன் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

செயலாளர் கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர். லேப்டாப் முன் உட்கார்ந்து, கார்டில் இருப்பதையும் கம்பெனியின் தளத்தில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

“ஒரு எழுத்துகூட மாறலையே சார். கம்பெனியிலேர்ந்து வந்தபடியேதான் இருக்கு. கோப்பையைப் பிடிங்க.”

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பல் டாக்டர்.

சூறாவளி ஒரு கையில் கோப்பையும் மறு கையில் மனைவியுமாக வராந்தாவுக்கு வந்தார்.

“அன்னிக்கு என் கண்ணு முன்னாடி ஏத்தினியே, அது என்ன?”

“கார்டுல இருந்ததையே எடுத்து, அதையே திரும்ப ஏத்தினேன். ஃபேன் வேகத்தை மட்டும் செட்டிங்ல கூட்டி வெச்சேன், அது யாரும் செய்யறதுதான். தூசி போனதுல சூடு கொஞ்சம் குறைஞ்சிருக்கும். மத்தபடி ஓட்டினது நீங்கதான்.”

“அப்ப, கட்டின புருஷனையே ஏமாத்திட்ட.”

“ஏமாத்தத்தான் செஞ்சேன்” என்று கோப்பையைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள் அவள். “நீங்க ஜெயிச்சா, அடுத்த நிமிஷமே மைக்கைப் பிடிச்சு உண்மையைச் சொல்லிடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?”