ரோஸ் குஞ்சுகள்

பருந்துக்கு அடையாளம் தெரியக்கூடாது என்று பன்னிரண்டு குஞ்சுகளையும் ரோஸ் சாயத்தில் முக்கி வெயிலில் விட்டாள் மரியபுஷ்பம். தாய்க்கோழிக்கும் அல்லவா அடையாளம் தெரியாமல் போயிற்று. அது குஞ்சுகளைக் கொத்தி விரட்டியது. உச்சிவெயிலில் பருந்தின் நிழல் கொல்லைக்குள் விழுந்தபோது, முழங்கைவரை ரோஸாகிப்போன அவள் கைகளைத் தேடி அவை ஓடிவந்தன. அவள் குந்தி உட்கார்ந்து முந்தானையை விரித்து மூடிக்கொண்டாள்.

சோற்றுக்கு வந்த கணவன் அண்ணாந்து பார்த்தான். "வானத்துல ஒண்ணுமே இல்லையே, எந்திரி."

"மெதுவாப் பேசுங்க."

நிழல் இன்னும் அவள் மடியைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. முந்தானைக்குள் சூடு ஏறியது. தாய்க்கோழி தயங்கித் தயங்கி வந்து, கழுத்தைச் சாய்த்து அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைந்தது.