தொட்டிப் பக்கம் ஒரு வெளிச்சம்

“எல்லாப் படத்தையும் காட்டணும். ஒன்னு விடாம” என்றார் வரது.

ஸ்ரீரங்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர். ‘மோட்டார் ரிப்பேர்’ என்று ஒரு வரி எழுதி ஒட்டினாலும் அடியில் பதவியைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்கிறவர். குப்பைக் கூடையில் முட்டை ஓடு கிடந்ததற்கு லிஃப்டில் இரண்டு பக்கக் கண்டனம் ஒட்டியவர்.

எதிரே மடிக்கணினியோடு யமுனா. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் துறையூர்ப் பெண், வங்கியில் வேலை. ஆசை ஆசையாய் வாங்கிய தொலைநோக்கியை மொட்டைமாடியில் நிறுத்தி, ஒரு மாதமாக ராத்திரியில் படம் எடுக்கிறாள்.

வானத்தைத்தான் எடுக்கிறாளாம். ஒரு மாதம் எடுக்க வானத்தில் அப்படி என்ன இருக்கிறது?

அனுமதி கேட்டு அவள் கொடுத்த மனுவில் வரது ‘கூடாது’ என்று எழுதிவிட்டால் தொலைநோக்கி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கவேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும்.

திரையில் இரண்டு வெளிச்சச் சுழல்கள். பெரியதன் கை நீண்டு சின்னதன் மேல் கிடந்தது.

“யாரு இது?”

“ரெண்டு கேலக்ஸி சார். ஒன்னை ஒன்னு இழுத்துக்கிட்டு இருக்கு.”

“எத்தனை நாளா நடக்கறது?”

“கோடிக்கணக்கான வருஷமா.”

குடும்பங்கள் இருக்கிற இடத்தில் இதெல்லாம் சரியில்லை என்பதுபோல் வரது தொண்டையைச் செருமினார். “மீதிப் படம்லாம் எங்கே?”

“நூத்துக்கணக்குல எடுத்து ஒன்னு மேல ஒன்னு அடுக்கினாத்தான் சார் இந்த ஒரு படம் வரும். கெட்டுப்போனதை அழிச்சிடுவேன்.”

“கெட்டுப்போனதுன்னா?”

“தண்ணித் தொட்டிக்குப் பின்னால யாரோ தினமும் செல்போன் டார்ச் அடிக்கிறாங்க. கொஞ்ச நேரந்தான். ஆனா அப்ப எடுத்ததெல்லாம் வெளுத்துப் போயிடுது.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வரது கைக்குட்டையை எடுத்தார்.

“அதுல... ஆள் யாருன்னு தெரியறதா?”

“வெறும் வெளிச்சந்தான் சார்.”

அவள் முகத்தை ஆராய்ந்தார். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பழகிய முகம். ஒன்றும் பிடிபடவில்லை.

அவளுடைய மனுவில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதவியைப் போட மறந்துவிட்டார்.

அன்றிரவு செயலாளர் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, காகிதத்தைச் சத்தமில்லாமல் பிரித்து, முட்டை பப்ஸை இருட்டிலேயே சாப்பிட்டார்.