நாலாவது சீட்டு

“திரும்பவும் முதல்லேருந்தா?”

டெல்ஃபினா மேஜையில் ஓங்கித் தட்டினாள். ஃப்ரெஸ்னோவில் அந்தக் கார் ஷோரூமின் சர்வீஸ் கவுன்ட்டர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

எதிரே உட்கார்ந்திருந்த கார்நிக் அசரவில்லை. பேனா மூடியைக் கழற்றினான்.

“கோளாறு என்னன்னு உங்க வாயால சொல்லுங்கம்மா.”

“மூணு தடவை சொல்லியாச்சு! போன ரிப்பேர் சீட்டைப் பாத்து எழுதிக்கோங்க.”

“அப்படி எழுதமாட்டேம்மா. எந்த வேகத்துல போனீங்க? எத்தனை மைல் ஓடியிருந்துது?”

வண்டி வாங்கிப் பத்து மாதம்கூட ஆகவில்லை. திடீரென்று கியர் நழுவும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வருவதுதான் அவள் பிழைப்பு. வண்டி நின்றால் வேலையும் நின்றது. இந்த லட்சணத்தில், ஒவ்வொரு தடவையும் இந்த மனுஷனுக்குக் கட்டுரை ஒப்பிக்க வேண்டுமாம்!

“ஹைவேல அறுபதுல போறப்ப கியர் விட்டுப்போச்சு. பின்னால லாரி. உள்ள எழுபது வயசுப் பெரியவர். நாங்க செத்தப்புறம்தான் சரி பண்ணுவீங்களா? அதையும் எழுதிக்கோங்க!”

கார்நிக் நிஜமாகவே அதையும் எழுதினான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நல்லவேளை, மேனேஜர் டிரெவர் வந்தார். கையில் டோனட் தட்டு, முகம் நிறையச் சிரிப்பு. கார்நிக்கிடமிருந்து சீட்டைப் பிடுங்கிக் கசக்கிக் குப்பையில் போட்டார்.

“வாடிக்கையாளரை இப்படியா படுத்தறது? டெல்ஃபினா மேடம், உங்களுக்கு எதுக்குப் பேப்பரும் பேனாவும்? இது நம்ம வீட்டு வண்டி மாதிரி. இனிமே நேரா என்கிட்டயே விடுங்க, பசங்க பாத்துடுவாங்க.”

மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன்!

“சார், இந்த ஆள் மேல நான் புகார் குடுக்கணும்.”

“தாராளமா!” டிரெவர் தன் அறையில் நாற்காலியே இழுத்துப் போட்டார்.

அவள் பக்கம் பக்கமாகக் கொட்டித் தீர்த்தாள். அடியில் கையெழுத்துப் போட்டு நேரமும் குறித்தாள், மாலை நாலரை.

டிரெவர் அங்கேயே கார்நிக்கைக் கூப்பிட்டார். “இன்னியோட நீ கிளம்பலாம்.”

கார்நிக் பேனாவை மூடினான். “இவங்க சாவி என்கிட்ட இருக்கு. பசங்க பாத்து முடிச்சதும் வண்டியை வாசல்ல கொண்டுவந்து நிறுத்திட்டுப் போறேன்” என்றான்.

போகட்டும், சனியன் தொலைந்தது என்றிருந்தது அவளுக்கு.

அதன்பிறகு இரண்டு தடவை டிரெவரிடம் வண்டியை விட்டாள். சீட்டு இல்லை, கேள்வி இல்லை. டோனட் மட்டும் உண்டு. மூன்றாவது வாரம் ரயில்வே கேட்டின் நடுவே கியர் விட்டுப்போனது. பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கி, முன்பின் தெரியாத நாலு பேர் வண்டியைத் தள்ளினார்கள்.

போதுமடா சாமி என்று, வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி டிரெவர் முன்னால் போய் நின்றாள்.

“ரிப்பேருக்கு விட்டதா எங்க கம்ப்யூட்டர்ல மூணே தடவைதானே இருக்கு மேடம்? அதுக்கப்புறம் நீங்க டோனட் சாப்பிடத்தானே வந்தீங்க?”

அதே சிரிப்பு. அந்தத் தட்டை எடுத்து அந்த முகத்திலேயே அப்பலாமா என்று வந்தது அவளுக்கு.

ஓயாமல் பழுதாகும் புது வண்டியை அந்த ஊரில் எலுமிச்சை என்பார்கள். அதை விற்றவர்கள் தலையிலேயே திருப்பிக் கட்ட எலுமிச்சைச் சட்டம் என்றே ஒன்று இருக்கிறது. அதற்கென்றே இருக்கும் ஒரு பெண் வக்கீலிடம் போனாள்.

“சட்டம் உங்க பக்கம்தான். ஆனா ஒரே கோளாறுக்கு நாலு தடவை விட்டதா எழுத்துல இருந்தா நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போகலாம். சீட்டெல்லாம் எங்க?”

“மூணுதான் இருக்கு மேடம். நாலாவதை அந்த மேனேஜர் கசக்கிப் போட்டுட்டான். நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்!”

டாஷ்போர்டு அறையில் கிடந்ததை எல்லாம் அப்படியே ஒரு பையில் அள்ளி வந்திருந்தாள். அதை மேஜையில் கவிழ்த்தாள். கைதுடைக்கும் காகிதம், சாஸ் பொட்டலம், இன்சூரன்ஸ் அட்டை. வக்கீல் பொறுமையாகப் பொறுக்கி எடுத்தார். மூன்றிலும் வேகம், மைல் கணக்கு, அவள் சொன்ன வார்த்தைகள், எல்லாம் அச்சுப்போல இருந்தன.

“எழுதினவர் விஷயம் தெரிஞ்சவர். போன தடவை மாதிரியேன்னு ஒத்தை வரியில எழுதியிருந்தா கேஸே நிக்காது.” சொல்லிக்கொண்டே இன்சூரன்ஸ் அட்டையின் உறையைப் பிரித்தார். “மூணுதான்னு சொன்னீங்க? இதோ நாலாவது இருக்கே!”

டெல்ஃபினா வெடுக்கென்று வாங்கினாள். ஷோரூம் சீட்டு. கார்நிக்கின் கையெழுத்து. ‘நாங்கள் செத்த பிறகுதான் சரி பண்ணுவீர்களா என்று வாடிக்கையாளர் கேட்கிறார்’ என்பது வரை ஒன்று விடாமல் புதிதாக எழுதியிருந்தது. ஓரத்தில் பென்சிலால், ‘பேப்பர் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.’

மூலையில் கவுன்ட்டர் மெஷின் குத்திய நேரத்தைப் பார்த்தாள்.

மாலை நாலு ஐம்பது. அவள் புகாரால் அவனுக்கு வேலை போய் இருபது நிமிஷம் ஆகியிருந்த நேரம்.